தினமும் ஓட்டுகிற மஸ்டாங்குக்கு எந்த சூப்பர்சார்ஜர்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். ஹூஸ்டனில் இருக்கிறீர்கள். 2019 மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் கொயோட்டி இன்ஜின், பத்து கியர் ஆட்டோமேட்டிக், 58 ஆயிரம் மைல் ஓடியிருக்கிறது, ஆபீஸுக்கும் அதில்தான் போய்வருகிறீர்கள். அதில் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜின் பெல்ட்டால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து சக்தியைக் கூட்டுகிற பம்ப், போட ஆசை. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ, சென்ட்ரிஃப்யூகல் என்ற மூன்று வகையில் எது சிறந்தது, எதில் குதிரைத்திறன் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் ஒரு டைனோ தாளை (இன்ஜின் சக்தியை அளக்கிற மெஷின் வரைந்த கோட்டுப்படம்) காட்டி சென்ட்ரிஃப்யூகல்தான் வாங்கு என்கிறார், நண்பர் டாட்ஜின் ஹெல்கேட் காரில் ட்வின் ஸ்க்ரூ இருக்கிறது, அதனால் அதுதான் என்கிறார். ஆனால் உங்கள் பதிவின் கடைசி வரியில் "காசு போட்டபின் ஓட்டும்போது வித்தியாசம் தெரியணும், இன்ஜினும் போயிடக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் நிஜமான கேள்வி அதுதான். நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மிச்சிகனில் பதினான்கு வருடமாக இன்ஜின் கேலிப்ரேஷன் வேலை. இன்ஜினை டைனோ அறையில் கட்டிவைத்து எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரியில் ஸ்பார்க் என்று பார்த்துப் பார்த்து எண்களை நிரப்புகிற வேலை. சனிக்கிழமைகளில் ஒரு நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் கை அழுக்காவதும் உண்டு. இன்ஜினைப் பிரித்து உள்ளே ஃபோர்ஜ்ட் பிஸ்டனும் ராடும் மாற்றி ரேஸுக்குக் கட்டுகிற ஆள் நான் இல்லை, நீங்கள் 1000 குதிரை கேட்டிருந்தால் ஒதுங்கிப் போயிருப்பேன்.

மூன்றில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். டாட்ஜ் 2015 மாடலாக ஹெல்கேட்டை இறக்கியபோது 6.2 லிட்டர் இன்ஜின் மேல் 2.4 லிட்டர் ட்வின் ஸ்க்ரூவை வைத்து 707 குதிரைத்திறன் எடுத்தது. ஃபோர்டு 2020 ஷெல்பி ஜிடி500-இல் ஈட்டனின் 2.65 லிட்டர் ரூட்ஸ் வகையை வைத்து 5.2 லிட்டரிலேயே 760 எடுத்தது. இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு வகையை எடுத்தார்கள், இரண்டும் ஓடுகிறது. அதனால் நண்பரின் ஹெல்கேட் வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஃபோர்டு, ஜிஎம், டாட்ஜ் மூவருமே சமீபத்திய வி8-களில் சென்ட்ரிஃப்யூகலைத் தொடவில்லை. அதற்குக் காரணம் உண்டு, அது உங்களுக்கும் பொருந்தும்.

ரூட்ஸ் என்பது ஆள் பெயர். இண்டியானாவில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய புளோயர் அது. இரும்பு உருக்கும் உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்று அனுப்ப ஓடியது, காருக்காகச் செய்ததே இல்லை. உள்ளே இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றும். கரும்பு ஜூஸ் மெஷினில் கரும்பு நசுங்குவது மாதிரி காற்று நடுவில் போய் நசுங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், காலேஜில் நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதிவைத்தேன். நிஜத்தில் காற்று நடுவே போவதே இல்லை. ரோட்டர் பல்லுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே மாட்டிக்கொண்டு, ஏற்றச்சாலில் தண்ணீர் வருவது போல ஓரமாகவே சுற்றிவந்து மறுபக்கம் கொட்டுகிறது. அதுவரை அழுத்தம் ஏறுவதில்லை. மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாயில், ஏற்கெனவே அடைந்துகிடக்கிற காற்று திரும்பப் பாய்ந்து இதன்மேல் மோதும்போதுதான் ஏறுகிறது. அந்த மோதலில்தான் சூடும், அந்தப் பழைய புளோயர்களின் ஊளையும். பழைய அமெரிக்கப் படங்களில் ஹூடைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்குமே, அது பெரும்பாலும் 6-71 என்ற ஜிஎம் டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினிலிருந்து கழற்றிய ரூட்ஸ் புளோயர்.

"ரூட்ஸ் என்றால் சூடு, அரதப்பழசு" என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்து வருவது, அப்போது அது உண்மையும்கூட. ஈட்டன் 1989 தண்டர்பேர்ட் சூப்பர் கூப்பேயில் கொடுத்த எம்90-இல் மூன்று பல், 60 டிகிரி முறுக்கு. இப்போது மஸ்டாங்குக்கு விற்கிற சூப்பர்சார்ஜர் கிட்களில் வருகிற ரூட்ஸ் நான்கு பல், 160 முதல் 170 டிகிரி வரை முறுக்கிய ரோட்டர்; டிவிஎஸ் என்று பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு டிவிஎஸ் என்றதும் பின்சீட்டில் மூட்டை கட்டிய மொபெட்தான் கண்ணில் வரும், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ட்வின் வோர்டிசஸ் சீரீஸ் என்பதன் சுருக்கம். அந்த முறுக்கினால் காற்று தடதடவென்று கொட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பழையதில் 55, 60 சதவீதம் என்று இருந்த திறன், இதில் நல்ல இடத்தில் 70-ஐத் தாண்டும்.

ட்வின் ஸ்க்ரூ பார்க்க ரூட்ஸ் மாதிரிதான் இருக்கும், வேலை வேறு. இன்றைய வடிவத்தை 1930-களில் ஸ்வீடனில் ஆல்ஃப் லிஷோம் என்ற இன்ஜினியர் உருவாக்கினார், அதனால் லிஷோம் என்றும் சொல்வார்கள். ஒரு ஆண் திருகும் ஒரு பெண் திருகும் கோத்துக்கொண்டு சுற்றும்போது நடுவில் மாட்டிய காற்று, பேஸ்ட் டியூபை வாலிலிருந்து சுருட்டிக்கொண்டு வருவது போல, முன்னே போகப் போக இடம் சுருங்கி உள்ளேயே அமுங்குகிறது. அதிக பூஸ்ட் (இன்ஜின் வாசலில் ஏறுகிற கூடுதல் காற்றழுத்தம்) வேண்டும் என்றால் இதன் திறன் நன்றாக நிற்கும். ஆனால் அமுக்குகிற வேலை உள்ளேயே நடப்பதால், நீங்கள் சும்மா 60 மைலில் உருட்டிக்கொண்டு போகும்போதும் அது கொஞ்சம் அமுக்கிக்கொண்டேதான் இருக்கும். டிவிஎஸ்ஸில் பைபாஸ் வால்வு திறந்துகொண்டால் காற்று வட்டமடித்துவிட்டுப் போய்விடும், கிட்டத்தட்ட சும்மா சுற்றுகிற விசிறி. ட்வின் ஸ்க்ரூவிலும் பைபாஸ் உண்டு, ஆனால் அந்த அளவுக்குச் சும்மா இருக்காது.

சென்ட்ரிஃப்யூகல் வேறு ஜாதி. கிட்டத்தட்ட டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் எடுத்து, புகைக்குப் பதிலாக பெல்ட்டால் சுற்றுவது. உள்ளே இருக்கிற சக்கரம் 40 முதல் 60 ஆயிரம் ஆர்பிஎம் வரை போகும். கொல்லன் பட்டறையில் கையால் சுற்றுகிற இரும்பு புளோயரைப் பார்த்திருக்கிறீர்களா? மெதுவாகச் சுற்றினால் சாம்பல்கூட நகராது, வேகம் பிடித்ததும் ஒரேயடியாகக் கரி சிவக்கும். அதே குணம்தான். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 7000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) வருமாறு புல்லி போட்டிருந்தால், பாதி வேகமான 3500-இல் பாதியான 4 வராது, கால்வாசி, சுமார் 2 பிஎஸ்ஐதான் வரும். ரூட்ஸும் ட்வின் ஸ்க்ரூவும் அப்படியில்லை. உங்கள் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் காற்றை இழுக்கும். 2.65 லிட்டர் சூப்பர்சார்ஜர் அதைவிட 1.6 மடங்கு வேகமாகச் சுற்றினால் 4.2 லிட்டரைக் கொண்டுவந்து கொட்டும். 2000 ஆர்பிஎம்மிலும் அதே கணக்கு, 6000-இலும் அதே கணக்கு. கீழே கொஞ்சம் கசிவு இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். பத்தாவது கியரில் 70 மைல் வேகத்தில் போனால், ஆக்ஸில் ரேஷியோவைப் பொறுத்து, டேகோமீட்டர் 1700-க்கும் 2000-க்கும் நடுவில் நிற்கும். சிக்னலில் கிளம்பும்போது 1500-இலிருந்து 3000. லேன் மாற லேசாக மிதித்தால் இரண்டு மூன்று கியர் இறங்கி 3500 வரை போகும். வாரம் முழுக்க ஓட்டியதில் 6000-ஐத் தொட்ட நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது என்று பந்தயம் கட்டுவேன். கடைக்காரர் காட்டிய டைனோ தாள் அந்த ஒரு நிமிடத்தின் படம். கோட்டின் வலது கோடி முனையில் இருக்கிற பெரிய எண்ணுக்குத்தான் காசு கேட்கிறார். அந்தத் தாளை வாங்கி 2500-இலும் 3500-இலும் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எவ்வளவு என்று விரலை வைத்துப் பாருங்கள். பல தாள்களில் 3000-க்குக் கீழே கோடே இருக்காது, ஓட்டத்தை அதற்குமேல்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

இது புத்தகப் படிப்பு மட்டும் இல்லை, நானே மாட்டிக்கொண்டதுதான். என்னிடம் 2014 ஜிடி மேனுவல் இருந்தது, ஒரு சென்ட்ரிஃப்யூகல் கிட் போட்டேன், இதே மாதிரி ஒரு தாளைப் பார்த்துத்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தபோது 5000-க்கு மேல் வண்டி வேறு பிறவி எடுத்தது, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். அப்புறம் திங்கள், செவ்வாய், புதன். காலை நெரிசலில் பூஸ்ட் கேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு மேலே எழும்பவே இல்லை. மூன்றாவது மாதம் மனைவி "இதுக்காடா அவ்வளவு காசு" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு விற்றேன். அதே சமயம், மேனுவல் கியர் வைத்துக்கொண்டு 7000 வரை இழுத்து ஓட்டுவதில்தான் சுகம் என்கிறவருக்கு அந்த ஏறுமுகம் ரொம்பப் பிடிக்கும். கீழே டார்க் மெதுவாக வருவதால் ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்குவதும் குறைவு.

அடுத்தது சூடு, ஹூஸ்டனில் இதுதான் பாதிப் பிரச்சினை. காற்றை அமுக்கினால் சூடாகும், அதை எந்த கம்பெனியாலும் மாற்ற முடியாது. ஆகஸ்ட் மதியம் சூப்பர்சார்ஜர் வாயில் 40 டிகிரி செல்சியஸ் காற்று நுழைகிறது, 8 பிஎஸ்ஐ ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதத் திறன் உள்ள பழைய ரூட்ஸிலிருந்து அது சுமார் 116 டிகிரியில் வெளியே வரும். 70 சதவீத டிவிஎஸ்ஸிலிருந்து 100. 75 சதவீத சென்ட்ரிஃப்யூகலில் 96. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது, புதிய மூன்றுக்குள் வித்தியாசம் நான்கைந்து டிகிரிதான். இந்தச் சூடு சும்மா வருவதில்லை, இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கிலிருந்து பெல்ட் வழியாகப் போகிற சக்திதான் சூடாக மாறுகிறது. 700 குதிரை அளவுக்குக் காற்று ஓடும்போது என் கணக்கில் முதலாவதற்கு 50 குதிரை போகும், இரண்டாவதற்கு 40. ஹெல்கேட் முழு மிதியில் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே 80 குதிரை தின்னும் என்று டாட்ஜே சொல்லியிருக்கிறது.

ஆக, சூட்டைப் பொறுத்தவரை எந்த வகை என்பதைவிட, வந்த சூட்டை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். சென்ட்ரிஃப்யூகல் இன்ஜினுக்கு முன்னால் ஓரமாக உட்காரும், அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் நேரடியாகக் காற்று வாங்கும், வண்டி ஓடிக்கொண்டிருந்தால் நன்றாகக் குளிரும். டிவிஎஸ்ஸும் ட்வின் ஸ்க்ரூவும் இரண்டு சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில், அடுப்பு மேல் வைத்த சட்டி மாதிரி உட்காரும். அவற்றின் இன்டர்கூலர் உள்ளேயே இருக்கும், அதற்குத் தண்ணீர், அந்தத் தண்ணீரைக் குளிர்விக்க முன்னால் இன்னொரு ரேடியேட்டர், சுற்றிவிட ஒரு மின்சார பம்ப். சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் கதை முடிந்தது.

போன வருடம் டல்லஸிலிருந்து ஒரு தம்பி பேசினார், டிவிஎஸ் கிட் போட்ட ஜிடி. "அண்ணா, முதல் தடவை மிதிச்சா புலி, ரெண்டாவது தடவை மிதிச்சா எருமை" என்றார். டேட்டா லாக் அனுப்பச் சொன்னேன். முதல் மிதியில் உள்ளே போகிற காற்று 46 டிகிரி, ஸ்பார்க் கொடுத்தது 17 டிகிரி முன்னதாக. இரண்டாவதில் காற்று 83, கம்ப்யூட்டர் பயந்துபோய் ஸ்பார்க்கை 10-க்கு இழுத்துவிட்டது, சக்தியும் கூடவே போனது. டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டருக்கான புதிய எண்கள்) போட்ட கடை "டெக்ஸாஸ் வெயில் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தது. சாவியைத் திருப்பி இன்டர்கூலர் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள் என்றேன். பம்ப் ஓடினால் தண்ணீர் கலங்கிச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். கோயில் தெப்பக்குளம் மாதிரி அசையாமல் நின்றது. பம்ப்புக்குப் போகிற கனெக்டர் பாதிதான் மாட்டியிருந்தது, கிளிக் சத்தம் வரும்வரை யாரும் அழுத்தவில்லை. நீங்கள் எந்த கிட் போட்டாலும், கடையை விட்டு வண்டியை எடுப்பதற்கு முன் அந்த மூடியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இதுவரை சொன்னது உறுதியான விஷயங்கள். இன்ஜின் தாங்குமா என்பதில் பாதி உறுதி, பாதி ஊர்ப்பேச்சு. உறுதியானது என்னவென்றால், 2018-இலிருந்து கொயோட்டியின் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) 11-இலிருந்து 12-க்கு ஏறியது. சூப்பர்சார்ஜர் போடுவதற்கு அது ரொம்ப அதிகம் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் அதே வருடம் போர்ட் இன்ஜெக்‌ஷனோடு நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்தது. சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கிற பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது, அதனால் நாக் (கலவை நேரம் தப்பித் தானாகவே வெடிப்பது) வராமல் கொஞ்சம் சமாளிக்க முடிகிறது. உங்கள் ஊர் பங்க்கில் 93 ஆக்டேன் கிடைக்கிறது, கலிஃபோர்னியாக்காரர்களுக்கு 91-தான், இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். 93-ஐ மட்டும் போட வேண்டும், அவசரத்துக்குக்கூட 87 கூடாது. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளியும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிக அழுத்தத்தில் பொறி அணைந்துபோகும்.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்று, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட் எத்தனை குதிரை வரை தாங்கும். இணையத்தில் சக்கரத்தில் அளந்து 700 என்பார்கள், 750 என்பார்கள், 800-இல் இரண்டு வருடம் ஓட்டுகிறேன் என்று ஒருவர் வருவார். உடைந்ததில் எத்தனை ராட் வீக்காக இருந்ததால், எத்தனை மோசமான டியூனால், எத்தனை மட்டமான பெட்ரோலால் என்று யாரும் பிரித்து எண்ணியதில்லை. நான் பார்த்த ஒன்றிரண்டு உடைசல்களில் முதல் குற்றவாளி மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் அழுத்தம் விழுந்து கலவை மெலிந்ததுதான், ராட் அதற்குப் பலி. இரண்டாவது, ஆயில் பம்ப் கியர். கொயோட்டியில் அது பவுடர் மெட்டலில் (உலோகத் தூளை அழுத்தி) செய்தது, ரெவ் லிமிட்டரில் (ஆர்பிஎம்மின் உச்ச எல்லை) திரும்பத் திரும்ப அடித்தால் விரிசல் விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் 7000-ஐத் தாண்டாமல் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுகிறவர் அதற்காக முன்பக்கம் முழுவதையும் பிரித்து மாற்றியே ஆக வேண்டுமா என்றால், நான் மாற்ற மாட்டேன், கிராங்கின் அதிர்வை அடக்குகிற பேலன்சர் நல்ல நிலையில் இருந்தால். என் கருத்து அவ்வளவுதான், உத்தரவாதம் இல்லை.

இங்கே வகைக்கும் இன்ஜின் ஆயுளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ராடை வளைப்பது குதிரைத்திறன் இல்லை, சிலிண்டருக்குள் வருகிற அழுத்தம், அதாவது டார்க். டிவிஎஸ்ஸும் ட்வின் ஸ்க்ரூவும் 2500-இலேயே முழு டார்க்கைக் கொட்டும், அதனால் ஒரே 700 குதிரைக்கு சென்ட்ரிஃப்யூகல்தான் ராடுக்கு மென்மை என்று ஒரு வாதம் உண்டு. தர்க்கம் சரிதான். நல்ல கேலிப்ரேஷனில் கீழ் ஆர்பிஎம்மில் த்ராட்டிலை அளந்து திறந்து அதைச் சமாளித்துவிடலாம், கார் கம்பெனிகள் செய்வதும் அதைத்தான். மட்டமான டியூனில் அது நடக்காது.

பூஸ்ட் எண்ணை வைத்து கிட்களை ஒப்பிடாதீர்கள். பூஸ்ட் என்பது இன்ஜினுக்குள் போக முடியாமல் வெளியே நெரிந்து நிற்கிற காற்றின் அளவு, உள்ளே போனதன் அளவு இல்லை. சபரிமலை சீசனில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தால் பஸ் நிறையப் போகிறது என்று அர்த்தமா? அதே மாதிரிதான்.

பராமரிப்பைச் சொல்லிவிடுகிறேன். டிவிஎஸ்ஸில் கியர் ஆயில் உள்ளேயே அடைத்துவைத்திருக்கும், பல ஆயிரம் மைலுக்கு நீங்கள் தொட வேண்டியதில்லை. சென்ட்ரிஃப்யூகலில் இரண்டு ரகம். தனி ஆயில் வைத்திருப்பதில் சில ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலையே வாங்கி ஓடுவதில் ஆயில் திரும்ப வடிவதற்கு ஆயில் பேனில் துளை போடச் சொல்வார்கள். தினமும் ஓட்டுகிற வண்டியின் பேனில் துளை போடுகிற யோசனையே எனக்குப் பிடிக்காது. பெல்ட் வழுக்குவது எல்லா வகைக்கும் பொது. என் பழைய வண்டியில் 6000 வரை 9 பிஎஸ்ஐ ஏறி, அதற்குமேல் ஏறுவதற்குப் பதில் 7-க்கு இறங்கியது. ஹூடைத் திறந்தால் புல்லியைச் சுற்றிக் கண்மை பூசியது மாதிரி கறுப்புத் தூள். டென்ஷனர் ஸ்ப்ரிங் வலுவிழந்திருந்தது. லாகில் பூஸ்ட் கோடு மேலே போய் வளைந்து இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

சட்ட விஷயமும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து டெக்ஸாஸில் வண்டிக்கான பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது, ஆனால் ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில் புகைப் பரிசோதனை இன்னும் இருக்கிறது. ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற சாக்கெட்) மாட்டி கம்ப்யூட்டரைக் கேட்பார்கள். டியூன் போடுகிறவர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சென்சார்களை அணைத்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள், மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படியும் அது தப்பு. கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் கொடுக்கிற எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். டெக்ஸாஸில் அது கட்டாயம் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த எண் வாங்கிய கிட் என்றால் பெட்ரோல், ஸ்பார்க், புகை எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வாரண்டி என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை 2019 வண்டிக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 58 ஆயிரம் மைலுக்குப் பெரும்பாலும் செல்லாது.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன வாங்குவேன்? ஆட்டோமேட்டிக், தினசரி ஓட்டம், 93 ஆக்டேன், உள்ளே எதையும் மாற்றாத இன்ஜின். டிவிஎஸ் கிட்தான், அதுவும் சின்னப் புல்லி போட்டுக் கடைசிச் சொட்டைப் பிழியாமல், கிட்டோடு வருகிற மிதமான டியூனில். அந்த எண்ணுக்கு மேல் ஆசைப்பட்டால் நீங்கள் உணர்வது கொஞ்சம், ராட் உணர்வது நிறைய. நாளைக்கு இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) போட்டு, ராடும் பிஸ்டனும் மாற்றி 15 பிஎஸ்ஐக்கு மேல் போவேன் என்ற திட்டம் உறுதியாக இருந்தால் ட்வின் ஸ்க்ரூ பக்கம் போங்கள், அந்த அழுத்தத்தில் அதற்கு மதிப்பு இருக்கிறது. வெறும் சத்தத்துக்காக என்றால் கூடுதல் காசு வீண். சென்ட்ரிஃப்யூகல் மலிவாகக் கிடைத்தால்கூட உங்கள் ஓட்டத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஓபிடியில் மாட்டுகிற சின்ன லாகர் ஒன்றை வாங்கி, ஒரு வாரம் வழக்கம் போல ஓட்டி, ஆர்பிஎம்மையும் த்ராட்டிலையும் பதிந்துவையுங்கள். 4500-க்கு மேல் நீங்கள் செலவழித்த நேரம் என் ஊகத்தைவிட அதிகமாக இருந்தால், மேலே சொன்னதில் பாதியை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எண்களோடு வாருங்கள், மறுபடி பேசலாம். அப்புறம், பதிவோடு போட்டிருந்த படத்தில் பின்பக்கம் வண்டி வந்தபோது மாட்டியிருந்த ஆல்-சீசன் டயரே இருக்கிறது, நடுவில் ட்ரெட் தேய்ந்து வழவழவென்று தெரிகிறது. ஹூஸ்டன் மழையில் 2500 ஆர்பிஎம்மில் டிவிஎஸ் கொட்டுகிற டார்க்கை அது தாங்காது. பட்ஜெட்டில் நல்ல டயர் இரண்டுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கிட் தேடுங்கள்.